திடுக்கிடாத அக்கா

எங்கள் கட்டடத்தில் ஹலோவீன் என்பது ஓர் ஆளைப் பற்றிய போட்டி. கீழ்வீட்டு அக்காவைத் திடுக்கிட வைக்க வேண்டும். வைத்தவர் வென்றவர். நான் அங்கே இருந்த காலம் முழுவதும் ஒருவரும் வெல்லவில்லை.

சுவிட்சர்லாந்தின் லா ஷோ-து-ஃபோன் நகரத்துப் பழைய வீடுகளில் படிக்கட்டு விளக்கு பொத்தானை அழுத்தினால் கொஞ்ச நேரம் எரியும், பிறகு தானாக அணைந்துவிடும். பிள்ளைகள் அந்த இருட்டை நம்பித்தான் பதுங்கியிருப்பார்கள். எலும்புக்கூடு உடுப்பு, சூனியக்காரித் தொப்பி, கடையில் வாங்கிய ரப்பர் முகமூடி எல்லாம் இருக்கும். அக்கா வேலை முடிந்து பையோடு உள்ளே வருவார். விளக்கு அணையும். எல்லோரும் ஒன்றாகக் கத்திக்கொண்டு பாய்வார்கள்.

அக்கா நிற்பார். கையில் இருக்கிற பை ஆடாது. சுவரைத் தடவிப் பொத்தானை அழுத்திவிட்டு, வெளிச்சத்தில் ஒவ்வொரு முகமூடியாகப் பார்ப்பார்.

"உதுக்குள்ள மூச்சு விடேலுமோ?" என்று கேட்பார்.

அந்தக் கூட்டத்தில் நான்தான் மூத்தவள். எனக்குப் பன்னிரண்டு வயது. போர்த்துக்கீசப் பிள்ளைகளும் சுவிஸ் பிள்ளைகளும் பிரெஞ்சில் சொல்வதை அக்காவுக்குத் தமிழில் சொல்வது என் பொறுப்பு. இங்கே பிள்ளைகள் வீடு வீடாகப் போய்ச் சொல்லும் வாசகம் தமிழில் இப்படி வரும்: இனிப்புத் தாருங்கள், இல்லாவிட்டால் சூனியம் வைப்போம். அப்படியே சொன்னேன்.

"வையுங்கோ," என்றார் அக்கா. "பிடிக்குதோ எண்டு பாப்பம்."

பிறகு பையைத் திறந்து ஆளுக்கொரு தோடம்பழம் கொடுத்தார். சாக்லேட்டை எதிர்பார்த்து வந்த எலும்புக்கூடு ஒன்று அழுதது.

அவருடைய பெயரை எழுதப் போவதில்லை. கட்டடத்தில் இருந்த தமிழருக்கெல்லாம் அவர் கீழ்வீட்டு அக்கா. சண்டை முடிந்தபின் வன்னியில் இருந்து வந்தவர். தனியாள். அகதி விண்ணப்பம் போட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருந்தார். வயோதிபர் இல்லம் ஒன்றின் சமையலறையில் பாத்திரம் கழுவினார். நாங்கள் மூன்றாம் மாடி. அப்பா கைக்கடிகாரக் கூடுகளுக்கு மெருகேற்றும் தொழிற்சாலையில் வேலை செய்தார், அம்மா அலுவலகங்கள் துப்புரவாக்கினார். அப்பா எட்டாம் வகுப்போடும் அம்மா ஐந்தாம் வகுப்போடும் படிப்பை விட்டவர்கள். அவர்களுடைய பெற்றோருக்குக் கையெழுத்தே வராது. இரண்டு பக்கத்திலும் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். எங்கே போனாலும் இதைச் சொல்வேன், இங்கேயும் சொல்கிறேன். அந்தக் கட்டடத்துக்கு வந்த அரச கடிதம் ஒன்றுகூட என் கண்ணில் படாமல் பதில் பெற்றதில்லை.

இந்த நாட்டில் பெப்ரவரி மாதத்தின் முதல் புதன்கிழமை பின்னேரம், எல்லா ஊர்களிலும் சைரனை ஒலிக்கவிட்டுப் பரிசோதிப்பார்கள். முதல்நாளே சொல்லி வைத்தாலும் அம்மாவுக்கு உதவாது. சத்தம் தொடங்கியதும் கையில் இருப்பதைப் போட்டுவிடுவார். ஒரு முறை அக்கா எங்கள் குசினியில் லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தபோது சைரன் ஊதியது. அம்மா பாதி உடம்பு மேசைக்குக் கீழே போய்விட்டார். அக்காவின் கத்தி நிற்கவில்லை.

"எழும்புங்கோ அக்கா," என்றார். அவருக்கு அம்மாதான் அக்கா. "உது இங்கத்தைச் சைரன்."

அம்மா வெட்கப்பட்டு எழுந்தார். "உனக்கு நெஞ்சு இடிக்கேல்லையோடி?"

"இல்லை."

"ஒரு துளியும்?"

அக்கா கத்தியை வைத்தார். அறைக்குள் போய் ஏதும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருகிறவர் போல நிமிர்ந்தார். "இல்லை அக்கா. ஒண்டும் இல்லை."

ஆகஸ்ட் முதலாம் திகதி, தேசிய நாளன்று, வாணவேடிக்கை இருக்கும். அம்மா யன்னல்களை மூடித் திரைச்சீலையும் இழுத்துவிடுவார். அக்கா வெளியே போய், பூங்காவின் வாங்கில் உட்கார்ந்து முழுவதையும் பார்ப்பார். ஒரு வருடம் நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். தலைக்கு மேலே வெடித்துக்கொண்டிருந்தது.

"விருப்பமோ அக்கா?"

"விருப்பம் எண்டு இல்லை. வரும் எண்டு பாத்துக்கொண்டு இருக்கிறன்."

"என்ன வரும்?"

"பயம்," என்றார். பஸ்ஸுக்குக் காத்திருக்கிற ஆள் சொல்வது போலத்தான் சொன்னார்.

அம்மா அதைத் துணிவு என்றார். அப்பா நெஞ்சழுத்தம் என்றார். முதலாம் மாடியில் இருந்த சுவிஸ் கிழவி அதை நல்ல வளர்ப்பு என்று நினைத்தார். கதவை அடித்துச் சாத்தாத, படியில் கத்தாத, தொலைபேசியில் உரத்துப் பேசாத ஒரே தமிழ்ப் பெண் அக்காதான் என்று என்னிடமே சொல்லிப் பாராட்டினார். அக்காவுக்குச் சூடு, குளிர் பற்றியும் பெரிய அபிப்பிராயம் இல்லை. அடுப்பில் இருந்து இறக்கிய தேநீரை அப்படியே குடிப்பார். ஒரு நாள் வேலை முடிந்து வந்தவரின் கையில் கொப்புளத்தைக் கண்டு அம்மா அலறினார். "நீராவி பட்டிருக்கும்," என்று அக்கா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

லிசே என்கிற உயர்பள்ளிக்கு நான் போன முதல் வருடம், ஹலோவீன் பற்றி வகுப்பில் பேச வேண்டியிருந்தது. நானே கேட்டு வாங்கிய தலைப்பு. எங்கள் ஊரில் பாதிப் பேர் அது அமெரிக்கக் கடைக்காரரின் பண்டிகை, நமக்கு எதற்கு என்று முணுமுணுப்பார்கள். அது எங்கே இருந்து வந்தது என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஒரு வீறாப்பு. பிரெஞ்சில் எழுதியதை முதலில் எங்கள் குசினியில் தமிழில் சொல்லிப் பார்த்தேன். கேட்க அம்மாவும் அக்காவும் இருந்தார்கள்.

பூசணிக்காய் பிறகு வந்தது, அயர்லாந்தில் முதலில் கோசுக்கிழங்கைத்தான் குடைந்து விளக்கு வைத்தார்கள் என்று தொடங்கினேன். ஏன் விளக்கு? ஜாக் என்று ஒருவன் பிசாசையே ஏமாற்றியவன். செத்தபிறகு சொர்க்கத்திலும் அவனை எடுக்கவில்லை, நரகத்திலும் எடுக்கவில்லை. பிசாசு ஒரு தணலைத் தூக்கிப் போட்டது. அதைக் கிழங்குக்குள் வைத்துக்கொண்டு இருட்டில் அலைகிறான்.

"இது எங்கட கொள்ளிவாய்ப் பேயெல்லே!" என்றார் அம்மா. "வயலுக்க நெருப்பெரியிற மாதிரிப் போகும். எங்கட ஐயா கண்டவர்."

"ஐயா கள்ளுக் குடிச்சிட்டு வந்த நாளிலயோ?" என்றேன்.

"வாயைப் பார். படிச்சவவின்ர வாய்."

அக்கா வேறு ஒன்று கேட்டார். "ரெண்டு இடத்திலயும் எடுக்காட்டி, அவன் எங்க பதியிறது?"

அம்மா சிரித்தார். அக்கா பகிடிக்குக் கேட்கவில்லை. நான் தொடர்ந்தேன். அந்த நாளில் செத்தவர்கள் திரும்பி வருவார்கள் என்று நம்பினார்கள். வெளியே போகிறவர்கள் முகமூடி போட்டுக்கொண்டு போவார்கள். வழியில் ஆவிகள் கண்டால், இதுவும் எங்கள் ஆள்தான் என்று நினைத்து விட்டுவிடும். நம்முடைய வலே மாகாணத்திலும் இப்படி உண்டு. பாவம் செய்தவர்களின் உயிர்கள் பனியாற்றுக்குள் உறைந்து கிடக்கும். ஆத்துமாக்களின் நாளில் இறங்கி வந்து வீடுகளில் குளிர் காயும். சனங்கள் அடுப்பை அணைக்காமல் விட்டுவிட்டு, கதவையும் பூட்டாமல் படுப்பார்கள்.

"பனிக்குள்ளயோ?" என்றார் அம்மா. "நரகம் எண்டால் நெருப்பெல்லே?"

"இங்க குளிர்தான் அம்மா தண்டனை."

அக்கா கொஞ்சம் யோசித்தார். "வந்து குளிர் காஞ்சிட்டுத் திரும்பிப் போகேக்க, அவையை ஆரும் நில்லுங்கோ எண்டு சொல்லுறதில்லையோ?"

நான் வாசித்த எதிலும் அது இல்லை. வகுப்பில் எனக்கு நல்ல புள்ளி கிடைத்தது.

அக்காவின் விண்ணப்பத்துக்குப் பதில் வந்தபோது நான் லிசேயின் கடைசி வருடத்துக்குப் போயிருந்தேன். நிராகரிப்பு. இலவச சட்ட உதவி கொடுக்கும் இடத்தில் இருந்த சட்டத்தரணியிடம் அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். சுவிஸ் பெண், நரைத்த கட்டை முடி, வேகமாகப் பேசுவார். நான் இடையில் இருந்து மொழிபெயர்த்தேன்.

சொன்னதில் முரண் இல்லை என்றார் சட்டத்தரணி. இடங்கள் சரி, நாட்கள் சரி. ஆனால் இது சொந்தமாக அனுபவித்தவர் சொல்வது போல் இல்லை, ரயில் நேர அட்டவணையை வாசிப்பது போல் இருக்கிறது என்று விசாரித்த அதிகாரிகள் நினைத்திருக்கிறார்கள். அக்கா விசாரணையில் சொன்னதைச் சட்டத்தரணி மறுபடி சொல்லச் சொன்னார். அப்போதுதான் நானும் முதல் தடவையாகக் கேட்டேன்.

"ஷெல்லடி கொஞ்சம் நிண்டிருந்தது," என்றார் அக்கா. "நான் தண்ணி எடுக்கப் போனன். அம்மாவும் அவரும் மகளும் பங்கருக்க இருந்தவை. திரும்பி வந்தன். பங்கர் இருந்த இடம் நிலமட்டமாய் இருந்தது. பிறகு சனத்தோட நடந்தன்."

பங்கர் என்றால் குண்டுக்கு ஒளிய மண்ணில் வெட்டிய குழி என்று நான் சேர்த்துச் சொன்னேன். அந்த நேரத்தில் என்ன உணர்ந்தீர்கள் என்று அங்கே கேட்டார்களா என்று சட்டத்தரணி கேட்டார்.

"கேட்டவை."

"என்ன சொன்னீர்கள்?"

"ஒண்டும் இல்லை எண்டன்."

சட்டத்தரணி மேன்முறையீடு செய்தார். அது ஏற்கப்பட்டது. தலைநகர் பேர்னில் இன்னொரு விசாரணை நடக்கும், இந்த முறையும் நம்பாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அதற்கு மேல் தட்டுவதற்குக் கதவு இல்லை என்று தெளிவாகச் சொன்னார். வெளியே வரும்போது என்னைத் தனியாக நிறுத்தி, "அவரிடம் கொஞ்சம் காட்டச் சொல்ல முடியாதா?" என்று கேட்டார். என்ன காட்டுவது என்று நான் கேட்கவில்லை. எனக்கு விளங்கியது.

அம்மா அன்றைக்கே பாடம் தொடங்கினார்.

"அழு பிள்ளை. ரெண்டு சொட்டு விட்டால் என்ன குறைஞ்சு போகும்?"

"வருகுதில்லை அக்கா."

"மகளை நினை."

"நினைக்கிறனான்தானே. எந்த நேரமும் நினைக்கிறனான்."

"அப்ப?"

"அப்பவும் வருகுதில்லை."

அப்பா தொலைக்காட்சியில் இருந்து தலையைத் திருப்பாமல், "கைப்பைக்குள்ள ஒரு வெங்காயத்தைக் கொண்டு போகட்டுமன்," என்றார். அம்மா அவரை முறைத்தார். பிறகு அடுப்படியில் போய் உண்மையாகவே ஒரு சின்ன வெங்காயத்தை உரித்துக்கொண்டு வந்தார். அக்கா அதை முகர்ந்தார், கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார். பாத்திரம் கழுவும் இடத்தில் தினமும் மூட்டைக் கணக்கில் வெங்காயத்தோடு இருக்கிறவர். கண் கலங்கவில்லை. கொண்டு வந்ததை வீணாக்காமல் சம்பலுக்கு வெட்டித் தந்துவிட்டுப் போனார்.

பயம் என்பது பழக்கத்தில் வருவது, ஒரு தடவை உசுப்பிவிட்டால் மற்றது தானாக வரும் என்று எனக்கு ஒரு எண்ணம் இருந்தது. லிசேயில் உளவியல் பாடம் எடுத்திருந்தேன். அந்த ஒக்டோபரில் இளைஞர் மன்றம் ஒரு கட்டடத்தின் நிலவறையில் பேய்வீடு போட்டது. நான் அதில் தொண்டர். இங்கே கட்டடங்களுக்குக் கீழே அணுகுண்டுக்குப் பயந்து கட்டிய நிலவறைகள் இருக்கும். சுவர் முழுக்கக் கொங்கிரீட், கதவு ஒரு ஆள் தள்ளித் திறக்க முடியாத பாரம். சாதாரண நாட்களில் சனங்கள் அதற்குள் பனிச்சறுக்குக் கட்டைகளையும் வைன் போத்தல்களையும் வைத்திருப்பார்கள். சனிக்கிழமை பின்னேரம் அக்காவைக் கூட்டிக்கொண்டு போனேன்.

"பேய் வருமோ?" என்றார்.

"வரும் அக்கா."

"வரட்டும்."

உள்ளே சிவப்பு விளக்கு, புகை, ஒலிபெருக்கியில் இடி. சவப்பெட்டியில் இருந்து என் வகுப்புப் பையன் எழுந்தான். அக்கா அவனுக்கு வழிவிட்டார். சங்கிலி கழற்றிய மரம் அறுக்கும் இயந்திரத்தோடு ஒருவன் துரத்தினான். எங்களுக்கு முன்னால் போன பெண்கள் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக் கத்தினார்கள். அக்கா திரும்பி அவன் கையைப் பார்த்தார். தூக்கில் தொங்கிய சூனியக்காரியிடம், சப்பாத்து நாடா அவிழ்ந்திருக்கிறது என்று விரலால் காட்டினார். கடைசி அறையில் விளக்கு முழுவதும் அணைந்து பெரிய வெடிச் சத்தம் வரும். அது வந்தது. இருட்டில் அக்காவின் கை என் பிடரியைப் பிடித்து, தலையைக் கீழே அமுக்கியது. அவசரம் இல்லாமல், பால் பொங்கும்போது அடுப்பைக் குறைக்கிற மாதிரி. விளக்கு வந்ததும் கையை எடுத்தார். மற்றக் கையால் சுவரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்ல பங்கர்," என்றார். "தண்ணி கசியாது. எங்களுக்கு மேல பனங்குத்திதான். மண்மூட்டைக்குச் சாக்கு இல்லாமல் சீலையளை வெட்டித் தைச்சனாங்கள். என்ர கூறைச்சீலையும் போனது."

நான் தோற்றுவிட்டேன் என்று நினைத்தேன். ஆனால் அக்கா வீட்டுக்குப் போகவில்லை. வெளியேறும் வாசலில் பூசணி சூப் கொடுக்க ஆள் போதாமல் இருந்தது. அக்கா தானாகவே கரண்டியை வாங்கிக்கொண்டார். மூடும் வரை அங்கேயே நின்றார். அடுத்த நாளும் வந்தார். அவர் பார்த்தது சூப்பை இல்லை, வெளியே வருகிறவர்களின் முகங்களை. தையல் பழகுகிற ஒருத்தி மற்றவளின் கையைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"இவை காசு குடுத்தே பயப்பிடினம்?" என்று என்னிடம் கேட்டார்.

"ஓம்."

"பிறகு?"

"பிறகு சிரிப்பினம்."

"அது நல்லது," என்றார். இன்னொரு கோப்பையை நிரப்பினார். "பார், கை வாய்க்குப் போகேல்லை. எல்லாருக்கும் காதுக்குத்தான் போகுது. வாய் சும்மா திறந்தபடி."

நான் பார்த்தேன். உண்மைதான். அவ்வளவு நாளும் நான் கவனித்ததில்லை.

எங்கள் கட்டடத்தில் உடுப்புத் தோய்க்கும் இயந்திரம் நிலவறையில் இருந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நாள் முறை. பேய்வீடு முடிந்த கிழமை, எங்கள் முறைக்கு நான் கூடையோடு இறங்கிப் போனபோது அக்கா அங்கே நின்றார். இயந்திரம் கடைசிச் சுற்றில் அதிர்ந்துகொண்டிருந்தது. அக்கா அதன் வட்டக் கண்ணாடிக்கு முன்னால் நின்று, இரண்டு கைகளாலும் காதைப் பொத்தி, வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. கைகளை இறக்கினார். மறுபடி தூக்கினார். என்னைக் கண்டும் நிறுத்தவில்லை.

"சரியோ?"

நான் கூடையை வைத்தேன். கொஞ்சம் பார்த்தேன்.

"முழங்கால் மடங்க வேணும் அக்கா," என்றேன். "நேராய் நிண்டால் பயந்த மாதிரி இல்லை."

மடக்கிக் காட்டினார்.

"ஓம். இப்ப சரி."

இயந்திரம் நின்றது. அவர் தன் உடுப்புகளை எடுத்து உதறி மடித்தார். நான் எங்களுடையதைப் போட்டேன்.

விசாரணைக்கு முன் எனக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது. அதனால் நம்பிக்கைக்குரிய ஆள் என்ற பெயரில் அவரோடு உள்ளே உட்கார அனுமதித்தார்கள். வாய் திறக்கக்கூடாது என்று முதலே சொல்லிவிட்டார்கள். சின்ன அறை, நீள மேசை. கேள்வி கேட்ட அதிகாரி இளம் பெண், என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும். கேள்விகளையும் பதில்களையும் தானே தட்டச்சுச் செய்தார். மொழிபெயர்ப்பாளர் தமிழ்நாட்டுக்காரர், நெற்றியில் திருநீறு. சட்டத்தரணி ஓரத்தில் இருந்தார்.

அக்கா வழமை போலத்தான் சொன்னார். ஷெல்லடி நின்றது. தண்ணிக்குப் போனது. அம்மா, அவர், மகள். திரும்பி வந்தது.

"பங்கர் இருந்த இடம் நிலமட்டமாய் இருந்தது," என்றார்.

அதன்பிறகு கதிரையைப் பின்னால் தள்ளி எழுந்தார். கைகள் காதுக்குப் போயின. முழங்கால் மடங்கியது. அக்கா கத்தினார்.

அந்தச் சத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. இயந்திரத்துக்கு முன்னால் அவர் சத்தமில்லாமல்தான் பழகினார். மொழிபெயர்ப்பாளரின் பேனா கீழே விழுந்தது. அதிகாரி எழுந்து வந்து காகிதக் கைக்குட்டைப் பெட்டியை அவர் பக்கம் நகர்த்தினார், இடைவேளை என்றார், தண்ணீர் கொண்டு வரச் சொன்னார். சட்டத்தரணி என்னைப் பார்த்து, தெரியாத அளவுக்குத் தலையை அசைத்தார். நல்லது என்று அர்த்தம். நான் அக்காவின் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சரியாகத்தான் மடங்கியிருந்தது. எனக்குள் வேறு ஒன்றும் நடக்கவில்லை.

இங்கே ஒரு முறை உண்டு. விசாரணை முடிந்ததும், தட்டச்சுச் செய்த முழுவதையும் மொழிபெயர்ப்பாளர் முதலில் இருந்து தமிழில் வாசிப்பார். பிழை இருந்தால் திருத்தலாம். பிறகு ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து. விண்ணப்பதாரர் அழுதால், நிறுத்தினால், எழுந்தால் அதையும் அடைப்புக்குறிக்குள் எழுதியிருப்பார்கள். பின்னேரம் அதை வாசித்தார்கள். அந்த இடம் வந்தது.

"விண்ணப்பதாரர் எழுந்து நின்று, கைகளால் காதைப் பொத்திக்கொண்டு அலறுகிறார்," என்று மொழிபெயர்ப்பாளர் வாசித்தார். அடுத்த வரிக்குப் போகப் பார்த்தார்.

"அது பிழை," என்றார் அக்கா.

சட்டத்தரணிக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் நிமிர்ந்தார்.

"எது தப்புங்கறீங்க?" என்றார் மொழிபெயர்ப்பாளர்.

"கத்தினது. அண்டைக்கு நான் கத்தேல்லை. கத்தினது இண்டைக்கு. அப்பிடி எழுதச் சொல்லுங்கோ."

அவர் பிரெஞ்சில் சொன்னார். எனக்கு வாய் திறக்க அனுமதி இல்லை. இருந்திருந்தால் அக்காவின் கையைப் பிடித்து நிறுத்தியிருப்பேன். அதிகாரி விசைப்பலகையில் கை வைத்தார். பிறகு கேட்டார்.

"அப்போ அன்னிக்கு நீங்க என்னதான் பண்ணீங்கன்னு கேக்குறாங்கம்மா."

"குடத்தை இறக்கி வைச்சனான்."

"அவ்வளவுதானா?"

"மெதுவா வைச்சனான். சிந்தாமல்."

அதிகாரி தட்டச்சுச் செய்தார். நிறுத்தினார். இந்தக் கேள்வி அவருடைய தாளில் இருந்திருக்காது என்று நினைக்கிறேன்.

"எதுக்காக அவ்வளவு மெதுவா வச்சீங்கன்னு கேக்குறாங்க."

அக்காவுக்கு அந்தக் கேள்வி விசித்திரமாகப் பட்டிருக்க வேண்டும். தெரிந்த விடயத்தைக் கேட்கிற பிள்ளையைப் பார்ப்பது போல மொழிபெயர்ப்பாளரைப் பார்த்தார்.

"மூண்டு பேர் குடிக்க வேணுமெல்லே. வாற வழியில பாதி சிந்திப்போட்டுது. இனியும் சிந்தினால் அவைக்குக் காணாது."

மொழிபெயர்ப்பாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். பிறகு அதைப் பிரெஞ்சில் சொன்னார். அதிகாரி தட்டச்சுச் செய்த சத்தம் நீளமாகக் கேட்டது. கைக்குட்டைப் பெட்டி இருந்த இடத்திலேயே இருந்தது. அதை ஒருவரும் நகர்த்தவில்லை. அக்கா ஒவ்வொரு பக்கமாகக் கையெழுத்து வைத்தார்.

அடுத்த கோடையில் பதில் வந்தது. அகதி என்று ஏற்றுக்கொண்டார்கள், வதிவிட அனுமதியும் தந்தார்கள். நிராகரிக்கும்போது பக்கம் பக்கமாகக் காரணம் எழுதுகிறவர்கள், ஏற்றுக்கொள்ளும்போது காரணம் எழுதுவதில்லை. அம்மா பொங்கல் பொங்கினார், அப்பா கேக் வாங்கினார். "பாத்தியே, அப்பிடிக் கத்தினால்தான் இவங்களுக்கு ஏறும்," என்று அம்மா போன் எடுத்தவர்களுக்கெல்லாம் சொன்னார். சட்டத்தரணிக்கும் அதே நினைப்பு. பின்னேரம் சொன்ன திருத்தம் கெடுக்காமல் விட்டது அதிர்ஷ்டம் என்றார். எனக்குத் தெரியாது. அக்கா அந்த வருட முடிவில் லோசானுக்கு ஒரு ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை கிடைத்துப் போய்விட்டார். நானும் படிக்க லோசான் போனேன். ஒரு தடவை மெட்ரோவில் அவரைக் கண்டேன், அவர் இறங்கிக்கொண்டிருந்தார், நான் ஏறிக்கொண்டிருந்தேன்.

பேர்னில் விசாரணை முடிந்து திரும்பிய ரயிலில் நாங்கள் எதிரெதிராக உட்கார்ந்திருந்தோம். நான் கோபமாக இருந்தேன். ஏன் அதைத் திருத்தினீர்கள், யார் கேட்டது என்று கேட்க இருந்தேன். நொஷாட்டல் வரை அவர் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். ஏரி பனிப்புகாருக்குள் இருந்தது. ரயில் மலையேறத் தொடங்கியபோது என் பக்கம் திரும்பினார்.

"அந்தக் குடத்தை நான் எடுக்கேல்லை," என்றார். "இண்டைக்கு அவ கேக்கத்தான் நினைவு வந்தது. வைச்ச இடத்திலயே விட்டிட்டு நடந்திட்டன்."

நான் அவர் பக்கம் குனிந்தேன்.

"எனக்குப் பின்னால நிறையச் சனம் வந்தது. எல்லாருக்கும் தண்ணி விடாய்." என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு காலத்தில் அவர் என்னிடம் ஒரு பதிலை எதிர்பார்த்து இருந்தது அப்போதுதான். "ஆராவது எடுத்துக் குடிச்சிருப்பினம், என்ன?"

"ஓம் அக்கா," என்றேன். "குடிச்சிருப்பினம்."